பதிவேட்டில் இல்லாத வாசகி

ஆந்திர எல்லைக்குள் இருக்கிற பெரியமோட்டூர் கிளை நூலகத்தில் ஒரு தமிழ் பீரோ இருந்தது. இப்போது அந்த இடத்தில் தண்ணீர் கேன் வைத்திருக்கிறார்கள். பீரோ போனதற்கு யார் காரணம் என்று கேட்டால், மாவட்டத்தைப் பிரித்ததுதான் என்பார் ஒருவர். செல்போன்தான் என்பார் இன்னொருவர். சின்னமோட்டூர் உமாபதி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டான். அவன்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் புத்தகப் பைத்தியம் என்று பேர் வாங்கியவனே அவன்தான்.

உமாபதிக்கு நாற்பத்தொன்பது வயது. அவன் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். கடைசிக் காலத்தில் சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் நாலு போகம் வேர்க்கடலை போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். உமாபதி பத்தாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தான். அதற்கு மேல் போகவேண்டும் என்றால் தெலுங்கில் படிக்கவேண்டும். தெலுங்கு அவனுக்குப் பேச வரும், பேரம் பேச வரும், சண்டை போட நன்றாகவே வரும். எழுத்து மட்டும் பஸ் போர்டைத் தாண்டி வரவில்லை. படிப்புக்கு முழுக்குப் போட்டான். கொஞ்ச வருஷம் மாந்தோப்புக் கூலி. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்ததும் அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் வரதய்யபாளையம் ரோட்டில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குக் கதைப் புத்தகம் எதற்கு என்று அவன் மனைவி பிரேமலதா பலமுறை கேட்டிருக்கிறாள். அவனுக்கே தெரியாது. ஆசை இருந்தது, அவ்வளவுதான். ஆசைக்குத் தீனி போடத்தான் வழியில்லை. திருப்பதிக் கடைகளில் கிடைப்பது தெலுங்குப் புத்தகம். தமிழ்ப் புத்தகம் வாங்க மெட்ராஸ் போகவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை போய் மூன்றோ நான்கோ வாங்கி வருவான். வீட்டுச் சுவரில் குடியிருந்த கரையான் அவனுக்கு முன்னால் படித்து முடித்துவிடும். இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, சொந்தப் புத்தகம் என்ற யோசனையையே விட்டான். மிச்சமிருந்தது நூலகம்.

எல்லாம் சித்தூர் மாவட்டமாக இருந்த காலத்தில், யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் எல்லைக் கிராமத்து ஜனங்களுக்கு என்று இருநூற்றுப் பன்னிரண்டு தமிழ்ப் புத்தகங்களை வாங்கி பெரியமோட்டூர் கிளைக்கு அனுப்பியிருந்தார். அதற்கப்புறம் ஒன்றுகூட வரவில்லை. நூலகர் சிரஞ்சீவி நெல்லூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. உமாபதி ஒரு புத்தகம் எடுத்தால் அதன் பேரை அவன் வாசித்துக் காட்டவேண்டும், அவர் அதைத் தெலுங்கு எழுத்தில் பதிவேட்டில் ஏற்றவேண்டும். நாலு புத்தகத்துக்கு அரைமணி நேரம் ஆகும். அவருக்கும் அலுப்பு, இவனுக்கும் அலுப்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் உமாபதிதான் சொன்னான், விடுங்க சார், நானே எடுத்துக்கினு போய் நானே கொண்டாந்து வெச்சிடறேன், ஒரு புக்கு கொறஞ்சாலும் என்னக் கேளுங்க என்று. சிரஞ்சீவி பீரோ சாவியையே அவன் கையில் கொடுத்துவிட்டார். உறுப்பினர் கார்டு புதுப்பிக்கவும் அவன் போகவில்லை. சாவியே கையில் இருக்கிறவனுக்குக் கார்டு எதற்கு? அன்றிலிருந்து பதிவேட்டில் தமிழ்ப் புத்தகம் என்று ஒரு வரிகூட ஏறவில்லை. ஒரு புத்தகமும் தொலையவில்லை. கம்பெனியில், டீக்கடையில், சம்பந்தி வீட்டில் எல்லாம் இந்தச் சாவிக் கதையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

சாவி அவனிடம் வந்ததில் அவனைவிட அதிகமாகப் பிழைத்தவள் வள்ளியம்மாள். பள்ளிக்கூடத்தில் அவனோடு படித்தவள், இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். மாங்காய் பறிக்கப் போன டிராக்டர் கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போயிற்று. அன்று அதே டிராக்டரில் ஏறவேண்டியவன்தான் உமாபதியும். புருஷன் ஒரு வருஷம் பார்த்தான், அப்புறம் காளஹஸ்தியில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். மகன் ரகு திருப்பதியில் ஓட்டல் வேலை. அண்ணன் தேவேந்திரன் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் அவளுக்கு. அண்ணனும் அண்ணியும் காலையில் கூலிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். அதுவரைக்கும் அவளுக்குப் புத்தகம்தான் துணை. உமாபதி படித்து முடித்ததை அவளிடம் கொடுப்பான், அவள் படித்து முடித்ததைக் கொண்டுபோய் பீரோவில் வைப்பான். இருநூற்றுப் பன்னிரண்டும் தீர்ந்ததும் அவன் சலித்துப்போனான். அவள் மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

போன வருஷம் உமாபதிக்குக் கண் மங்க ஆரம்பித்தது. திருப்பதியில் காட்டினான், கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டும் பழைய புத்தகத்தின் பொடி எழுத்து ஈ மொய்த்த மாதிரிதான் தெரிந்தது. மகள் பிரியங்கா மெட்ராசில் வேலை பார்க்கிறாள். அவள் தீபாவளிக்கு வரும்போது ஒரு இ-ரீடர் வாங்கி வந்து, அவன் பேரிலேயே கணக்குத் திறந்து, எழுத்தை எப்படிப் பெரிசாக்குவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை சைசுக்கு வந்து நின்றது. அவன் கேள்விப்பட்டும் பார்க்காத புத்தகமெல்லாம் அதற்குள் இருந்தது. கரையான் தொடாது, மூன்று கிலோமீட்டர் வண்டி ஓட்டவேண்டாம், ஒரே இருநூறையே சுற்றிச் சுற்றி வரவேண்டாம். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் படித்தான், வரும்போதும் படித்தான். தெருப் பிள்ளைகள் அதற்கு உமாபதி சிலேட்டு என்று பேர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போகிற வழக்கம் தானாக நின்றது.

கருவி வந்த வாரம், இனி அடிக்கடி வர முடியாது என்று சொல்லி, பதினான்கு புத்தகங்களை ஒரேயடியாகக் கொண்டுபோய் வள்ளியம்மாளிடம் கொடுத்திருந்தான். அதோடு அவளை மறந்தே போனான். மறந்தான் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். ஆனால் ஆறு மாதத்தில் ஒருநாள்கூட இரண்டு வீடு தாண்டிப் போகவில்லை என்றால் அதற்கு வேறு பேர் கிடையாது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சிரஞ்சீவி போன் பண்ணினார். யாரும் எடுக்காத புத்தகங்களைக் கிளைகளிலிருந்து எடுத்துவிட உத்தரவு வந்திருக்கிறது; பதிவேட்டின்படி பதினோரு வருஷமாகத் தமிழ்ப் புத்தகத்தை யாருமே எடுக்கவில்லை; நாளைக்கு அதிகாரி வண்டியோடு வருகிறார். எண்ணிப் பார்த்ததில் பதினான்கு குறைகிறது. அது இல்லையென்றால் தன் தலைதான் உருளும் என்றார். ஆட்சேபணை இருந்தால் வாசகர்கள் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று மார்ச்சிலேயே வாசல் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். அது தெலுங்கில் இருந்தால் என்ன, உமாபதி ஒரு ஞாயிறு போயிருந்தால் சிரஞ்சீவியே சொல்லியிருப்பார். ஏன் சார் போன் பண்ணலை என்று கேட்டான். ரெண்டு முறை பண்ணேன் உமாபதி, நீ ஷிப்டுல இருந்த, அப்புறம் நீயே வருவேன்னு பார்த்துக்கினு இருந்தேன் என்றார்.

ஞாயிறு காலை உமாபதி வள்ளியம்மாள் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்று செருப்பைக் கழற்றவே அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் இளைத்திருந்தாள். தலைமாட்டில் பதினான்கு புத்தகமும் அடுக்கி வைத்திருந்தது. ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். விஷயத்தைச் சொன்னான். பீரோவையே எடுத்துக்கொண்டு போகிறார்கள், இதையும் கொடுத்துவிடவேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தான்.

வள்ளியம்மாள் பதறவில்லை. யாருமே எடுக்கலைன்னுதான் தூக்கினு போறாங்களா என்று அவனையே திருப்பிக் கேட்டாள். ஆமாம் என்றான். அவள் மேலே இருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். நூலகத்தில் தேதி முத்திரை குத்த ஒட்டுகிற சீட்டு அது. முத்திரை ஒன்றும் இல்லை. ஆனால் கட்டத்துக்குள் பென்சிலால், குண்டுகுண்டாக, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒன்பது தேதிகள் இருந்தன.

"எல்லா புக்குலயும் எழுதிக்கீறேண்ணா. சீட்டு காலியா கெடந்தா யாருமே தொடாத புக்கு மாரி கீதேன்னு, முடிக்கறப்பல்லாம் தேதி போட்டுகினு வந்தேன். மொத நாள்லேர்ந்து கீது. அந்த சார் கிட்ட இத்தக் காட்டு."

உமாபதி இன்னொன்றைத் திறந்து பார்த்தான், அதிலும் தேதிகள். பதினோரு வருஷம் புத்தகத்தைத் தூக்கிச் சுமந்தவன், ஒருநாளாவது கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. இது போதும் வள்ளி, இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் என்று சொல்லி, புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டான். அவளே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பாதி படித்த ஒன்றும் அதில் இருந்தது. பீரோ தப்பினதும் சாயங்காலம் முதலில் அதைக் கொண்டுவா என்றாள்.

நூலகத்தில் அதிகாரி பாஸ்கர் வந்திருந்தார். திருப்பதியிலிருந்து வந்தவர், சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார். பதினான்கையும் எண்ணி வாங்கிக்கொண்டார். உமாபதி தெலுங்கில் ஆரம்பித்தான். இந்தப் புத்தகங்களுக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் சார் என்றான். யார் என்றார். நான்தான் என்றான். கார்டு கேட்டார். இல்லை. பதிவேட்டில் பேர் இருக்கிறதா என்று கேட்டார். அதுவும் இல்லை. இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் பார்வை உமாபதியின் தோள்பைமேல் இருந்தது. பையின் வாய்க்கு வெளியே சிலேட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அவர் லேசாகச் சிரித்தார். நீங்களே மாறிவிட்டீர்கள், பீரோ யாருக்கு அண்ணா என்றார். ஆட்சேபணைக்கு நாள் முடிந்துவிட்டது, உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது, இனி யார் வந்து சொன்னாலும் புத்தகம் போகத்தான் போகும் என்றும் சொன்னார். ஆனால் கிளம்புமுன் ஒவ்வொரு புத்தகத்தையும் பிரித்து, கிழிசல், கிறுக்கல் இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்கவேண்டுமாம். சீட்டைக் காட்ட உமாபதி ஒரு புத்தகத்தை எடுப்பதற்குள், சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

அவர் ஜீப் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் உமாபதி சிரஞ்சீவியைக் கூப்பிட்டு ஒரு சீட்டைத் திறந்து காட்டினான். தமிழ் தெரியாவிட்டால் என்ன, எண் எல்லோருக்கும் ஒன்றுதானே. சிரஞ்சீவி இன்னொன்றைத் திறந்தார், இன்னொன்றை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மாதா மாதம் அவர் அனுப்பிய அறிக்கையில் தமிழ்ப் புத்தகம் வழங்கியது பூஜ்யம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதினோரு வருஷம். நூற்றுமுப்பதுக்கும் மேல் கையெழுத்து. கார்டு இல்லாதவர்களுக்குச் சர்க்கார் புத்தகத்தை வாரிக் கொடுத்தார், பொய் அறிக்கை அனுப்பினார் என்று அந்தச் சீட்டுகள் ஒவ்வொன்றும் சொல்லும். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. பீரோ எப்படியும் போய்விடும், இதைக் காட்டினால் பீரோவோடு தானும் போவேன் என்று அவர் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் உமாபதிக்குத் தாங்கவில்லை.

"நீ சொல்லித்தான் உமாபதி நான் எழுதறத விட்டேன்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு ரப்பர் எடுத்து, ஒன்றை அவன் பக்கம் தள்ளினார்.

உமாபதி வெகுநேரம் அதைத் தொடவில்லை. வெளியே, புத்தகம் ஏற்ற வந்த வேனின் டிரைவர் பாட்டு வைத்துக்கொண்டு தூங்கினான். கடைசியில் இவன்தான் முதல் புத்தகத்தை எடுத்தான்.

பென்சில் எழுத்து சுலபமாக அழியும் என்று நினைத்தான். வள்ளியம்மாள் அழுத்தி எழுதுகிறவள். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான், நோட்டின் மறுபக்கம் வரை தெரியும். ஒரே தேய்ப்பில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க, வேண்டாம் என்றாலும் கண் படித்தது. ஏரி உடைந்து தெருவெல்லாம் தண்ணீர் நின்ற வாரம், அவளைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். அந்த வாரம் மூன்று புத்தகம். புருஷன் காளஹஸ்திக்குப் போன தேதி உமாபதிக்கு நினைவிருந்தது, பஞ்சாயத்துக்கு அவனும் போயிருந்தான். அதற்கு மறுநாள் ஒரு தடித்த நாவல். ரகு திருப்பதிக்குக் கிளம்பிய மாதம் ஒரே சின்னப் புத்தகத்தில் அடுத்தடுத்து ஐந்து தேதி. கிணற்று மோட்டார் பழுது பார்ப்பது பற்றிய ஒரு புத்தகம் இருந்தது. இந்த ஊரில் மோட்டார் வைத்திருக்கிற யாரும் அதைத் தொட்டதில்லை. அதிலும் இரண்டு தேதி போட்டிருந்தாள். உமாபதிக்குச் சிரிப்பு வந்தது, அப்படியே கண்ணீரும் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தான்.

மூன்று மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டும் முடியவேண்டும். இரண்டு பேரும் தேய்த்தார்கள். மேஜையெல்லாம் கறுப்புத் துகள். சிரஞ்சீவி துடைப்பத்தால் கூட்டி எடுத்துக் கொட்டினார்.

அதிகாரி மூன்றரைக்கு வந்தார். சும்மா அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். சீட்டெல்லாம் வெறுமையாக இருப்பதைக் கண்டு, பாருங்கள், ஒரு கைகூடப் படவில்லை, புத்தகங்கள் புதிதாகவே இருக்கின்றன என்று சிரஞ்சீவியிடம் சொன்னார். சிரஞ்சீவி தலையாட்டினார். புத்தகங்களை மூட்டை கட்டி, பீரோவையும் சேர்த்து வேனில் ஏற்றினார்கள். எங்கே போகிறது என்று உமாபதி கேட்டான். முதலில் கிடங்குக்கு, அப்புறம் மேலே முடிவு செய்வார்கள் என்றார் அதிகாரி.

இருட்டுவதற்குள் வள்ளியம்மாள் வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று உமாபதி வண்டியை விரட்டினான். பொய் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்தான். பார்த்தார்கள், ஆனாலும் கேட்கவில்லை என்று சொன்னால் என்ன கெட்டுவிடும்? அவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்ததும் பாதி புரிந்துகொண்டாள்.

"தேதியப் பாத்தாங்களாண்ணா?"

"இல்ல வள்ளி" என்றான் உமாபதி. "நான் அழிச்சிட்டேன்."

எல்லாத்தையுமா என்று கேட்டாள். எல்லாத்தையும் என்றான். சிரஞ்சீவியின் கையெழுத்து, ஓய்வு, உத்தரவு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம், அந்த சார் நல்லவரு என்று மட்டும் சொன்னாள்.

உமாபதி பையிலிருந்து சிலேட்டை எடுத்து அவள் கையில் வைத்தான். இதை நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம், இதுக்குள்ளே நாற்பது புத்தகம் இருக்கிறது, இன்னும் வேண்டியதைப் போட்டுத் தருகிறேன் என்று கடகடவென்று சொன்னான். பக்கம் திருப்புவது எப்படி என்று காட்டினான். எழுத்தைச் சின்னதாக்கிக் கொடுத்தான். அவள் இரண்டு மூன்று பக்கம் தள்ளிப் பார்த்தாள். பிறகு கருவியைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைத் தடவினாள்.

"இதுல தேதி எங்கண்ணா எழுதறது?"

எழுத வேண்டியதில்லை, யார் எந்தப் பக்கம் வரை படித்தார்கள் என்று அதுவே எழுதி வைத்துக்கொள்ளும் என்றான் அவன். அவள் மறுபடி முன்பக்கம் திருப்பினாள். திரையின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் பேர் இருந்தது. உமாபதி என்று எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தாள். அதை வள்ளியம்மாள் என்று மாற்ற முடியுமா என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்து, பிரியங்காவிடம் சொல்லி மாற்றிவிடலாம் என்று பதிலையும் அவன் தயாராக வைத்திருந்தான்.

அவள் கேட்கவில்லை. கருவியைத் தலைமாட்டில், புத்தகங்கள் இருந்த இடத்தில் வைத்தாள். அண்ணன் வருகிற நேரமாச்சு, விளக்கைப் போட்டுட்டுப் போண்ணா என்றாள். உமாபதி விளக்கைப் போட்டான். அவன் விரலிடுக்கில் பென்சில் கரி இன்னும் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.